தாம்பரம் வட்டாரப் பின்பால் இலக்கணம்

பாயிரம் இல்லாத நூல் நூலாகாது என்பது பழைய கட்சி. சிறப்புப் பாயிரத்துக்கு நன்னூல் எட்டுச் செய்தி கேட்கிறது. அவற்றில் ஆக்கியோன் பெயரால் யாருக்கும் பயனில்லை, யாப்பு உரைநடை, வழி என்று சொல்ல இத்துறையில் முன்னோர் யாரும் எழுதிவைத்ததாகத் தெரியவில்லை. எல்லை மட்டும் தகராறில்லாமல் இருக்கவேண்டும். வடக்கே பல்லாவரம் மலை, தெற்கே வண்டலூர் உயிரியல் பூங்காவின் மதில், கிழக்கே மேடவாக்கம் கூட்ரோடு, மேற்கே முடிச்சூர். ஐப்பசி கார்த்திகையில் மேற்கெல்லை தண்ணீருக்குள் போய்விடும் என்பதால் அங்கே மட்டும் தோராயம். கால எல்லை, விண்டோஸ் எக்ஸ்பி வெளிவந்த 2001 அக்டோபர் முதல் மைக்ரோசாஃப்ட் அதைக் கைகழுவிய 2014 ஏப்ரல் வரை. நுதலிய பொருள், அந்த எக்ஸ்பியின் வயிற்றுக்குள்ளேயே வந்த ‘ஸ்பேஸ் கேடட்’ என்னும் பின்பால் மேசையில் ஸ்கோர் ஏற்றும் வழியும், ஏற்றியோர் ஏற்றாதோர் பாகுபாடும். கேட்போர், அப்போது பிளஸ் டூ படித்து இப்போது வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருப்பவர்கள். பயன் கடைசியில் தெரிந்தால் தெரியட்டும்.

நூலின் கொள்கை ஒன்றே ஒன்று. ஸ்கோர் என்பது, ஆடுகிறவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு யார் காசு கட்டுகிறார் என்பதைப் பொறுத்தது. விரல் வேகமும் கண் கூர்மையும் அதற்கு அடுத்தபடிதான். இதை மறுப்பவர்கள் பொருளதிகாரம் வரை பொறுத்திருக்கவும்.

முதலில் மேசையின் பிறப்பு. அமெரிக்காவில் ஆஸ்டின் நகரத்து சினிமாட்ரானிக்ஸ் என்ற சிறு நிறுவனம் செய்து, மேக்சிஸ் 1995-இல் வெளியிட்ட ‘ஃபுல் டில்ட் பின்பால்’ தொகுப்பில் மூன்று மேசைகள் இருந்தன: விண்வெளிக்கு ஒன்று, கடற்கொள்ளையருக்கு ஒன்று, டிராகனுக்கு ஒன்று. விண்வெளி மேசையை மட்டும் மைக்ரோசாஃப்ட் எடுத்து விண்டோஸ் 95-க்கான ‘பிளஸ்’ தொகுப்பில் வைத்தது. பிறகு விண்டோஸ் 2000, எம்இ, எக்ஸ்பி என்று வரிசையாகக் கூடவே வந்தது. அதே 1995-இல்தான் தாம்பரத்துக்கு மேற்கே கிஷ்கிந்தா பொழுதுபோக்குப் பூங்காவைத் திறந்தார்கள். இரண்டுக்கும் தொடர்பு கிடையாது. ஆனால் கிஷ்கிந்தாவுக்கு டிக்கெட் இருந்தது, இதற்கு இல்லை என்ற வேற்றுமையை மாணவர் குறித்துக்கொள்ள வேண்டும். அதன்மேல்தான் நூல் நிற்கிறது.

இந்த வட்டாரத்துக்குள் மேசை வந்த வழி ரிச்சி தெரு. அங்கே பேரம் பேசிச் சேர்த்த அசெம்பிள்டு கம்ப்யூட்டர் மின்சார ரயிலில் மடியில் ஏறி குரோம்பேட்டையிலோ சானடோரியத்திலோ இறங்கும். எக்ஸ்பி எந்தக் குறுந்தகட்டிலிருந்து ஏறியது, அந்தக் குறுந்தகடு எத்தனை தெருவுக்குப் பொது என்ற கேள்விகளை இந்நூல் எழுப்பாது. எது எப்படி ஏறினாலும் ஸ்டார்ட், ஆல் புரோகிராம்ஸ், கேம்ஸ் என்று போனால் பின்பால் அங்கே இருக்கும். யாரும் அதை வாங்கவில்லை, யாரும் அதை நிறுவவில்லை. வேப்பமரம் முளைப்பதுபோல் இருந்தது.

இனி எழுத்ததிகாரம்.

முதலெழுத்து இரண்டு. இடக்கை ஃபிளிப்பருக்கு இசட், வலக்கை ஃபிளிப்பருக்கு ஸ்லாஷ். கீபோர்டின் கீழ்வரிசையில் இரு கோடிகளிலும் இவை கிடப்பதால் ஆடுகிறவர் தோள் விரிந்து, நாதஸ்வரக் கச்சேரியில் தவில் வாசிப்பவர் போல் உட்கார நேரிடும். சார்பெழுத்து மூன்று: எக்ஸ், புள்ளி, மேல்நோக்கிய அம்புக்குறி. இவை மேசையை இடமிருந்தும் வலமிருந்தும் அடியிலிருந்தும் லேசாக இடிப்பதற்கு. தனிநிலை ஒன்று: ஸ்பேஸ் பார். அழுத்திப் பிடித்தால் ஸ்பிரிங் பின்னால் இழுபடும், விட்டால் பந்து கிளம்பும். அதன்பின் அந்தப் பந்து விழும்வரை ஸ்பேஸ் பாருக்கு வேலை கிடையாது. ஆய்த எழுத்துக்கும் இதே கதிதான்.

எழுத்து மயக்கம் என்று ஒன்று உண்டு. இசட்டுக்குப் பக்கத்திலும் ஸ்லாஷுக்குப் பக்கத்திலும் ஷிஃப்ட் இருக்கிறது. பந்து கீழே வரும் பதற்றத்தில் விரல் வழுக்கி ஷிஃப்ட் விழும். தொடர்ந்து ஐந்து முறை விழுந்தால் ‘ஸ்டிக்கி கீஸ்’ வேண்டுமா என்று விண்டோஸ் ஒரு பெட்டியைத் திறந்து கேட்கும். அது கேட்டு முடிப்பதற்குள் பந்து போயிருக்கும். இதற்குப் பரிகாரம் எஃப் 8-ஐ அழுத்தி எழுத்துகளை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்வது. பிரவுசிங் சென்டரில் ஸ்லாஷ் தேய்ந்து உள்ளே போயிருக்கும் கீபோர்டு கிடைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கவேண்டும். தெரிந்தவர்கள் மிகக் குறைவு. அவர்களும் மாற்றியதைத் திரும்ப வைக்காமல் எழுந்து போனார்கள்; அடுத்து வந்தவர் இசட்டைத் தட்டித் தட்டி, கேம் ஹேங் ஆகிவிட்டது என்று முதலாளியைக் கூப்பிட்டார்.

முதலெழுத்து இரண்டையும் ஒருசேர அழுத்துவது இரட்டைக்கிளவி எனப்படும். பந்து எந்தப் பக்கம் வந்தாலும் படபட, தடதட என்று இரண்டையும் அடிப்பவர்கள் முதல்நிலை மாணாக்கர். பிரித்தால் பொருள் தராது என்பதைத் தவிர அதில் இலக்கணம் எதுவுமில்லை. இரண்டு ஃபிளிப்பரும் மேலே தூக்கியிருக்கும்போதுதான் நடுவில் உள்ள இடைவெளி அகலமாகத் திறக்கிறது. காப்பாற்றும் செயலே கதவைத் திறந்துவிடுகிறது. ஆகவே, பந்து வரும் பக்கத்தை மட்டும் தூக்குக. இவ்வளவு தெரிந்தாலே ஸ்கோர் இரண்டு மடங்காகும்.

சொல்லதிகாரம் சின்னது. வலப்பக்கப் பலகையில் வரும் ஆங்கிலச் சொற்களை அநேகமாக யாரும் படித்ததில்லை என்பதால் விரித்துப் பயனில்லை. ‘அவெயிட்டிங் டிப்ளாய்மென்ட்’ என்றால் ஸ்பேஸ் பாரைத் தொடு. ‘டில்ட்’ என்றால் மேசையை அளவுக்கு மீறி இடித்துவிட்டாய், ஃபிளிப்பர் செத்துவிட்டது, பந்து விழும்வரை கையைக் கட்டிக்கொண்டு பார். ‘ரீ-டிப்ளாய்’ விளக்கு எரிந்தால் இப்போது விழுந்த பந்து திரும்ப வரும், முகத்தைத் தொங்கப்போடாதே. மற்றதெல்லாம் தமிழ்நாட்டில் ‘ஐயோ’, ‘போச்சு’, ‘டேய் டேய் டேய்’ என்ற மூன்று இடைச்சொற்களில் அடங்கும். மூன்றாவது எப்போதும் பின்னால் நிற்பவர் சொல்வது.

பொருளதிகாரத்தின் வாயிலில் ஒரு பூர்வபட்சம் நிற்கிறது: இது திறமையா, அதிர்ஷ்டமா? அதிர்ஷ்டம் என்றால் இலக்கணம் எழுதுவதே வீண். இந்த ஆட்டத்தின் மூதாதை, ஆணி அடித்த பலகையில் கோலி உருட்டும் பகட்டெல். ஸ்பிரிங் வைத்துப் பந்தை ஏவும் முறைக்கு அமெரிக்காவில் 1871-இல் காப்புரிமை வாங்கினார்கள். ஃபிளிப்பர் வந்தது 1947-இல், காட்லீப் நிறுவனத்தின் ‘ஹம்ப்டி டம்ப்டி’ எந்திரத்தில். அதற்கு முன்வரை பந்தை ஏவிவிட்டு வேண்டிக்கொள்ளத்தான் முடியும். அதனால் இது சூதாட்டம் என்று நியூயார்க் நகரம் 1942-இல் தடை போட்டது. மேயர் லாகார்டியா எந்திரங்களைச் சம்மட்டியால் உடைத்தார். தடை நீங்கியது 1976-இல். ரோஜர் ஷார்ப் என்ற இளம் பத்திரிகையாளர் நகர மன்றத்தார் முன்னால் ஆடிக் காட்டினார். ஃபிளிப்பர் ஆட்டத்தோடு நிறுத்தாமல், ஸ்பிரிங்கை இழுப்பதிலேயே திறமை இருக்கிறது, இதோ இந்தப் பந்து நடுச் சந்துக்குள் போகும் என்று சொல்லி ஏவினார். போயிற்று. அதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருந்தது என்று அவரே பின்னாளில் சொன்னது வேறு விஷயம்.

நம் பக்கத்திலும் இந்த வழக்கு புதிதல்ல. கிண்டி குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் சொன்னது. ரம்மியும் போக்கரும் அப்படியே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் சொன்னது. கிண்டியிலிருந்து தாம்பரம் அரைமணி நேர ரயில் பயணம்தான். அந்தத் தீர்ப்பின் நிழல் இங்கேயும் விழும் என்று கொண்டு, பின்பால் திறமை ஆட்டமே என முடிவு கட்டி மேலே செல்கிறோம்.

உத்திகளில் முதலாவது ஏவல். ஷார்ப் சொன்னது ஸ்பேஸ் கேடட்டிலும் நிற்கிறது. ஸ்பேஸ் பாரை முழுக்க அழுத்தி முழு வேகத்தில் விட்டால் பந்து சீறிப் போகும், அதற்குத் தனிக்கூலி கிடையாது. பாதிக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ பிடித்து விட்டால் ஏவுபாதையில் உள்ள மஞ்சள் விளக்குகளில் சில மட்டும் எரிந்து பந்து திரும்பி விழும். சரியான விளக்கில் நின்றால் 75,000. அதைத் தாண்டினால் மதிப்பு மறுபடி இறங்கும். அதாவது, மிஞ்சினாலும் குறைவுதான். எங்கள் வட்டாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் மிஞ்சியவர்கள்.

இரண்டாவது, நூலின் உயிர்நாடி: நிறுத்தல். ஃபிளிப்பரைத் தூக்கியபடியே பிடித்தால் இறங்கி வரும் பந்து அதன் இடுக்கில் வந்து தங்கும். எழுத்தை விட்டால் பந்து மெதுவாக நுனியை நோக்கி உருளும். அடிப்பாகத்தில் இருக்கும்போதே தட்டினால் தன் பக்கமாகவே மேலே ஏறும். நுனிவரை விட்டுத் தட்டினால் குறுக்கே எதிர்ப்பக்கம் பாயும். எங்கே வேண்டுமோ அங்கே அனுப்பலாம். நிறுத்தத் தெரியாதவர் பந்துக்குப் பின்னால் ஓடுகிறார். தெரிந்தவருக்குப் பந்து காத்திருக்கிறது. ஆனால் நிறுத்துவதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. மூன்று நான்கு விநாடி எதுவுமே செய்யாமல் உட்கார்ந்திருக்க மனசு வரவேண்டும். அந்த மனசு யாருக்கு வரும், யாருக்கு வராது என்பதில்தான் ஆட்டக்காரர்கள் பிரிகிறார்கள்.

மூன்றாவது பணி. மேசை நடுவில் சும்மா பம்பரில் முட்டிக்கொண்டிருப்பதுதான் ஆட்டம் என்று பாதிப்பேர் பள்ளி முடிக்கும்வரை நம்பினார்கள். உண்மையில் மூன்று இலக்குகளை அடித்துப் பணியைத் தேர்ந்து, ஏவுசரிவில் பந்தை ஏற்றி அதை ஒப்புக்கொள்ள வேண்டும். பம்பரை எட்டு முறை தட்டும் தொடக்கப் பணிக்கே ஐந்து லட்சம். பணி முடிய முடிய வட்டத்தில் விளக்கு கூடும்; வட்டம் நிறைந்தால் பதவி உயர்வு. கேடட்டில் தொடங்கி என்சைன், லெப்டினன்ட், கேப்டன் என்று எட்டுப் படி ஏறி ஃப்ளீட் அட்மிரல் வரை போகலாம். விமானப் படைத் தளம் இருக்கும் ஊரில் கடற்படைப் பதவி எதற்கு என்று சேலையூர்ப் பையன்கள் யாரும் கேட்டதில்லை. பதவி உயர உயரப் பணியின் கூலியும் உயரும். நடுவில் எரிபொருள் விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும். நிரப்பாமல் விட்டால் பணி ரத்து. அரசு உத்தியோகத்துக்கும் இதற்கும் வேற்றுமை, இங்கே சீனியாரிட்டி செல்லாது என்பது ஒன்றுதான்.

நான்காவது ஹைப்பர்ஸ்பேஸ் சந்து. அதே சந்துக்குள் விளக்கு அணையுமுன் மறுபடி மறுபடி அனுப்பினால் பரிசு படியேறும். ஒரு கட்டத்தில் ஃபிளிப்பர்களுக்கு நடுவே தடுப்புக் கம்பம் முளைக்கும். அடுத்து உபரிப் பந்து. நிறுத்தல் கைவந்தவருக்கே இது வாய்க்கும். ஸ்கோரை இரண்டு, மூன்று, ஐந்து, பத்து மடங்காக்கும் பெருக்கிகளும் அப்படியே. பணியைத் தொடங்கிய பின் பெருக்கியைத் தேடுவதைவிட, பெருக்கி எரியும்போது பணியை முடிப்பது லாபம். ஐந்தாவது இடித்தல். பந்து ஓரச்சந்துக்குள் சாயும்போது ஒரு தட்டு, ஒரே ஒரு தட்டு. இரண்டாவது தட்டு பேராசை, மூன்றாவது டில்ட்.

உத்தி இவ்வளவே. எல்லாருக்கும் ஒரே மேசை, ஒரே மூன்று பந்து. பிறகு ஏன் ஒருவருக்கு இரண்டு லட்சம், இன்னொருவருக்கு இரண்டு கோடி? இங்கேதான் அகம், புறம் என்ற பாகுபாடு தேவைப்படுகிறது. வீட்டுக்குள் ஆடுவது அகம். வெளியே ஆடுவது புறம். ஐந்திணையையும் பொருத்திக் காட்டலாம். பந்து விழுந்தால் பாலை, விழாமல் காத்தால் முல்லை என்று யார் வேண்டுமானாலும் எழுதிவிடுவார்கள் என்பதால் விடுகிறேன்.

புறத்தில் முதல் வகை பிரவுசிங் சென்டர்க்காரர். பிளைவுட் தடுப்பு, பிளாஸ்டிக் நாற்காலி, தலைக்குமேல் ஆடும் மின்விசிறி. மணிக்கு இருபது ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு முப்பத்து மூன்று பைசா. பந்தை மூன்று விநாடி நிறுத்தினால் ஒன்றரைப் பைசாவுக்கு மேல் போகிறது. இதை அவர் மனத்துக்குள் கணக்குப் போடுவதில்லை, ஆனால் திரையின் மூலையில் ஓடும் கடிகாரம் போடுகிறது. எனவே நிறுத்தமாட்டார். ஸ்பேஸ் பாரை முழுக்க இழுப்பார். இசட்டும் ஸ்லாஷும் படபடவென்று அடிக்கும். நெட் மெதுவாக இருக்கிறது, பிளஸ் டூ ரிசல்ட் பக்கம் திறக்க நேரமாகும், அதற்குள் ஒரு ஆட்டம் என்று தொடங்கியவர் அவர். பக்கம் திறந்ததும் பந்தை அநாதையாக விட்டுப் போய்விடுவார். இவ்வட்டாரத்தின் மிகக் குறைந்த ஸ்கோர்கள் அனைத்தும் மே மாதத்தில் எடுக்கப்பட்டவை என்று துணிந்து சொல்லலாம்.

அவரிலேயே உட்பிரிவு, கூட்டாக வருவோர். மேசையில் நான்கு பேர் வரை மாறி மாறி ஆட வசதி உண்டு. ஆளுக்கு ஐந்து ரூபாய். ஒருவர் பந்து விழுந்தால்தான் அடுத்தவருக்கு முறை வரும் என்பதால் மற்ற மூவரின் நலனும் ஆடுகிறவரின் வீழ்ச்சியில் இருக்கிறது. நட்பைப் பற்றி நம் நீதிநூல்கள் சொன்னது எதுவும் இங்கே செல்லாது. வலப்பக்கம் உட்கார்ந்தவர் சும்மா கை வைத்ததுபோல் புள்ளியை மூன்று தட்டுத் தட்டி டில்ட் ஆக்குவது வழக்கமான உத்தி. இதை ஸ்கோர் ஏற்றும் உத்திகளில் சேர்ப்பதா என்று தயங்கி, அடுத்தவர் ஸ்கோரை இறக்குவதும் ஒருவகை ஏற்றமே என்று சேர்த்திருக்கிறேன். இருவர் மட்டும் வந்தால் ஒருவர் இசட், மற்றவர் ஸ்லாஷ் என்று பங்கு பிரிப்பார்கள். பந்து நடுவில் விழும். யார் பக்கம் என்ற தகராறு தாம்பரம் ஸ்டேஷன் சுரங்கப்பாதை வரை தொடரும்.

இரண்டாவது வகை இன்ஸ்டிட்யூட் மாணவர். சி, ஜாவா, டாலி, டிடிபி என்று ஏதோ ஒன்றுக்கு அப்பா மொத்தமாகப் பணம் கட்டியாயிற்று. லேப் நேரம் கணக்கில் வந்தே தீரும். புரோகிராம் எழுதினாலும் ஓடும், பந்து உருட்டினாலும் ஓடும். கட்டிய காசு கண்ணில் படாததால் இவருக்கு நிறுத்தும் மனசு வருகிறது. ஆனால் சார் வருவார். அதற்கு எஸ்கேப் இருக்கிறது: தட்டினால் ஆட்டம் சுருங்கிக் கீழே ஒளிந்துகொள்ளும். ஆக இவருக்கு முதலெழுத்து மூன்று. இடக்கை இசட்டிலிருந்து எஸ்கேப்புக்குத் தாவும் வேகத்தில்தான் குரோம்பேட்டையின் பல சாஃப்ட்வேர் வாழ்க்கைகள் தொடங்கின. ஸ்கோர் நடுத்தரம். கமாண்டர் வரை போவார்.

மூன்றாவது, அலுவலகத்தார். சானடோரியத்தில் 1984 முதல் இருக்கும் ஏற்றுமதி வளாகத்தை மெப்ஸ் என்றே எல்லாரும் சொல்வோம். அங்கேயும் வேளச்சேரிப் பக்கத்திலும் இரவு ஷிஃப்ட் பார்த்தவர்கள், கஸ்டமர் வரிசையில் யாரும் இல்லாத இரண்டு மணிக்கோ, டிராப் பண்ண குவாலிஸ் வரும்வரையோ ஆடியவர்கள். நாற்காலிக்குக் காசு கம்பெனி. மின்சாரமும் ஏசியும் கம்பெனி. அதற்கு மேல், ஆடுகிற நேரத்துக்கு இவருக்குச் சம்பளமும் உண்டு. உலகிலேயே பின்பால் ஆடக் கூலி வாங்கியவர் இவர் ஒருவர்தான். நிறுத்தினார், காத்திருந்தார், பணிகளை ஒவ்வொன்றாக முடித்தார். ஆனாலும் ஒரு குறை. இவருடைய மூன்றாவது பந்து இயல்பாக விழுந்ததில்லை. ‘வண்டி வந்தாச்சு’ என்ற குரலில் முடிந்தது. அட்மிரல் ஆகி, கரை சேரும் முன்பே பெருங்களத்தூரில் இறக்கிவிடப்பட்டவர்கள் பலர்.

அகத்துக்கு வருவோம். வீட்டில் அண்ணன் தம்பி இருந்தால் அது அகமல்ல, புறமே. ஆளுக்கு அரைமணி என்று அம்மா நிறுத்தும் கடிகாரம் பிரவுசிங் சென்டர் கடிகாரத்தைவிடக் கண்டிப்பானது. ஒற்றைப் பிள்ளைக்கு ஸ்கோர் சற்றுக் கூடும். ஆனால் அவருக்கும் டியூஷன் உண்டு, மின்வெட்டு உண்டு. 2008-க்குப் பிறகு சில ஆண்டுகள் மின்வெட்டு நேரத்தை வைத்தே ஆட்டத்தைத் தொடங்கினார்கள். யூபிஎஸ் கீச்சிடத் தொடங்கியபின் பணியை முடிப்பவர்களைத் தனி வகையாக்கலாம். வீரம் இருந்தாலும் அவர்கள் ஸ்கோர் பதிவேட்டில் ஏறவில்லை.

இந்த எல்லாரையும் மிஞ்சிய வகை ஒன்று அகத்தின் உள்ளறையில் இருந்தது. ஓய்வூதியர். ரயில்வே, விமானப் படை, கணக்குத் துறை என்று தாம்பரமும் சேலையூரும் ஓய்வுபெற்றவர்களால் நிறைந்த ஊர். பையன் அமெரிக்கா போகும்போது விட்டுச்சென்ற கம்ப்யூட்டர். மெயில் பார்க்கக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனான். மெயில் வாரம் ஒன்று வரும். மீதி நேரத்துக்கு ஸ்பைடர் சாலிட்டேர், அது சலித்தபின் பின்பால். இவருடைய நாற்காலிக்குக் காசு கட்டுவது மத்திய அரசு, அதுவும் ஆயுள் முழுக்க. அவசரம் என்ற சொல்லே அகராதியில் இல்லை. கை மெதுவாகத்தான் எழும், அதனாலேயே இரட்டைக்கிளவி வராது. ஃபிளிப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்வார்; பந்து தங்கும். உத்தி தெரிந்து செய்ததல்ல. வலப்பக்கப் பலகையில் வரும் ஆங்கிலத்தை ஒரு வரி விடாமல் படித்தவர் இவர் ஒருவரே, ஏனென்றால் முப்பது ஆண்டு ஆபீஸ் சுற்றறிக்கை படித்த பழக்கம். எஃப் 1 தட்டி உதவிக் கோப்பைப் படித்தவரும் இவரே. படித்தபின் கீழே கையெழுத்திடத் தேடியிருப்பார். பதவி உயர்வு எப்படி வரும் என்பது இவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மெயில்ஸ்ட்ராம் என்ற ஆகப் பெரிய பணி வரை போனவர்கள் இந்த வகையினரே என்பது என் துணிபு.

வகைக்குள் அடங்காதோர் சிலர். ஆட்டம் ஓடும்போது ‘ஹிடன் டெஸ்ட்’ என்ற இரு சொல்லை டைப் செய்தால் பந்தை மவுஸால் பிடித்து இழுக்கலாம். ஆட்டத்தைச் செய்தவர்கள் சோதனைக்காக வைத்த வாசல் அது. ‘பிமேக்ஸ்’ என்று அடித்தால் பந்து தீராது. இந்த மந்திரம் அறிந்தவர் தெருவுக்கு ஒருவர் இருந்தார். ஒரு டெய்ரி மில்க்குக்குச் சொல்லிக்கொடுப்பார். இவர்களுடைய ஸ்கோர் நூறு கோடியைத் தொட்டாலும் இந்நூல் எண்ணாது. திறமை ஆட்டம் என்று இரண்டு நீதிமன்றத்தைச் சாட்சிக்கு அழைத்தபின் இதை அனுமதித்தால் வழக்கு கெட்டுவிடும்.

பதிவேடு என்றது ஐந்து வரி கொண்ட ஹை ஸ்கோர் பட்டியலை. அதில் ‘தல’ இருக்கும், ‘இளைய தளபதி’ இருக்கும், வேண்டாதவர் பெயரைப் போட்டு அவரை ஐந்தாம் இடத்தில் வைத்த பழிவாங்கலும் இருக்கும். பட்டியல் அந்தக் கணினியின் ரெஜிஸ்ட்ரிக்குள் மட்டுமே இருந்தது. நியூ ஃபோல்டர் வைரஸ் வந்தால் முதலாளி ஃபார்மேட் போடுவார், பட்டியல் போகும். அணைத்து எழுப்பினால் பழைய நிலைக்கே திரும்பும் மென்பொருள் போட்ட சென்டர்களில் தினமும் போகும். குரோம்பேட்டைத் திருவிளையாடல்கள் இப்படித்தான் அழிந்தன.

ஆட்டமும் போயிற்று. எக்ஸ்பிக்கு அடுத்த விஸ்டாவில் பின்பால் இல்லை. 64-பிட்டுக்கு மாற்றியபோது பந்து மற்ற பொருள்களில் மோதாமல் ஆவிபோல் ஊடுருவிப் போனது என்றும், ஆட்டத்தைத் தொடங்கியதும் ஸ்பிரிங்கையே கடந்து கீழே விழுந்தது என்றும் மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் 2012-இல் விளக்கினார். வெளியார் எழுதிய, குறிப்பே இல்லாத நிரல். பிழை எங்கே என்று கண்டுபிடிக்க முடியாமல் ஆட்டத்தையே கழற்றிவிட்டார்கள். உரையில்லாத மூலத்தின் கதி அதுதான். 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது அதில் இருந்தது விண்டோஸ் 7. பின்பால் கிடையாது. நாற்காலிக்கும் கம்ப்யூட்டருக்கும் யாரும் காசு கட்டவேண்டாத ஒரு தலைமுறை முதல்முறையாக வந்தது, மேசையைத்தான் காணோம். 2021-இல் ஒருவர் பழைய நிரலைப் பிரித்து மறுபடி எழுதி வெளியிட்டபின் இப்போது பிரவுசரிலேயே ஆட முடிகிறது. ஆடிப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள், பந்து அதே வேகத்தில்தான் விழுகிறது.

வாசகர்க்கு ஒரு விண்ணப்பம். முடிச்சூரிலோ ராஜகீழ்ப்பாக்கத்திலோ உங்கள் வீட்டுப் பரணில் எக்ஸ்பி ஓடிய சிபியு கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒருமுறை மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். ஓடினால் பின்பாலைத் திறந்து அந்த ஐந்து வரிகளையும், எழுத்துப்பிழையைத் திருத்தாமல், ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்த நாற்காலிக்கு யார் காசு கட்டினார் என்பதையும் பக்கத்தில் குறிக்கவும். இரண்டாம் பதிப்புக்குத் தேவைப்படும்.